பாசி மாத்திரைகளும் நச்சுநீக்கமும்: அறுபதாண்டு ஆய்வுகளின் மதிப்பீடு

உடலுக்குள் போய்விட்ட நஞ்சைப் பாசி வெளியேற்றுமா என்ற கேள்விக்கு அறிவியலில் ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு உண்டு. வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் பசும்பாலிலும் குழந்தைகளின் பற்களிலும் தென்படத் தொடங்கிய காலத்தில் அது கனடாவில் கேட்கப்பட்டது. பிறகு, நச்சு கலந்த சமையல் எண்ணெயால் மக்கள் நோயுற்ற ஜப்பானிலும், செர்னோபில் விபத்துக்குப் பிந்தைய பெலாரஸிலும், குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் இருந்த வங்கதேசத்திலும் அதே கேள்வி எழுந்தது. இன்று ஸ்பைருலினா, குளோரெல்லா மாத்திரைகளை விற்பவர்கள் அதற்குத் தீர்ந்த விடை கிடைத்துவிட்டதாகவே பேசுகிறார்கள்: கன உலோகங்களை நீக்கும், உடலைச் சுத்திகரிக்கும்.

இந்த விளம்பரங்களுக்குப் பின்னால் ஆய்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகள் உண்டு, சில நன்றாகவே செய்யப்பட்டவை. ஆனால் ‘பாசி நஞ்சை நீக்கும்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. உணவோடு வரும் நஞ்சைக் குடலிலேயே பிடித்து, ரத்தத்தில் கலக்கவிடாமல் தடுக்கும் என்பது ஒன்று. எலும்பிலும் கொழுப்பிலும் உறுப்புகளிலும் ஏற்கெனவே படிந்த நஞ்சை இழுத்து வெளியேற்றும் என்பது இரண்டாவது. நஞ்சை நீக்காவிட்டாலும் அது செய்யும் சேதத்தைத் தணிக்கும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் உள்ள சான்றின் வலிமை ஒன்றல்ல. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குக் காட்டுவதுதான் இந்த விவாதத்தின் தீராத குழப்பம். கூற்றுகளைத் தனித்தனியே எடுத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்பிக்கையின் வேர்கள்

பாசியை உண்ணும் வழக்கம் பழையது. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியிலும் ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியிலும் ஸ்பைருலினாவை அள்ளி உலர்த்தி உண்டார்கள். ஸ்பைருலினா கண்டிப்பான வகைப்பாட்டில் ஒரு நீலப்பச்சை பாக்டீரியா. குளோரெல்லாதான் உண்மையான பச்சை நுண்பாசி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெருகும் மக்கள்தொகைக்குப் புரதம் எங்கிருந்து வரும் என்ற கவலையில் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் குளோரெல்லா வளர்ப்பை ஆராய்ந்து 1953இல் அறிக்கை வெளியிட்டது. 1960களில் ஜப்பானிலும் தைவானிலும் அது தொழிலானது. சென்னையில் சி. வி. சேஷாத்திரி நடத்திய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் ஸ்பைருலினாவைக் கிராமங்களில் வளர்க்கும் முறையைப் பரப்பியது. இந்த முயற்சிகள் எல்லாமே ஊட்டச்சத்துக் குறையைப் போக்கத் தொடங்கியவை. நச்சுநீக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அது ஒட்டிக்கொள்ளக் காரணம் பெரும்பாலும் கழிவுநீர் ஆராய்ச்சி. பாசியின் செல்சுவரில் எதிர்மின்னூட்டம் கொண்ட வேதித் தொகுதிகள் நிறைய உண்டு. ஈயம், காட்மியம், தாமிரம் போன்ற நேர்மின்னூட்ட உலோக அயனிகள் அவற்றில் எளிதில் ஒட்டும். ஆலைக் கழிவுநீரிலிருந்து உலோகங்களைப் பிரிக்க உலர்ந்த பாசியைப் பயன்படுத்தலாம் என்பது பலமுறை நிறுவப்பட்ட செய்தி. தொட்டியில் நடப்பது வயிற்றிலும் நடக்கும் என்ற ஊகம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த ஊகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாசியில் ஒட்டிய உலோகத்தை மீட்டு, பாசியை மறுபடி பயன்படுத்த ஆய்வுக்கூடங்களில் செய்வது, அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவது. அமிலச் சூழலில் ஹைட்ரஜன் அயனிகள் உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துவிடும். நம் இரைப்பையில் சுரப்பதும் அதே அமிலம்தான். சிறுகுடலில் அமிலத்தன்மை குறையும்போது பாசி மறுபடி உலோகத்தைப் பிடிக்கக்கூடும். ஆனால் அங்கே கால்சியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் என உடலுக்குத் தேவையான உலோகங்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஆகவே தொட்டிச் சோதனை, பாசியால் இது இயலலாம் என்று காட்டுகிறது. மனிதக் குடலில் நடக்கிறது என்பதற்கு அதுவே சான்றாகாது.

முதல் கூற்று: குடலிலேயே பிடித்துவிடலாம்

மூன்று கூற்றுகளில் வலுவானது இதுதான். அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து பரவிய ஸ்ட்ரான்சியம்-90 வேதியியலில் கால்சியத்தின் உறவு. எனவே பாலோடு உடலுக்குள் வந்து எலும்பில் போய் அமரும். அதன் அரை ஆயுள் சுமார் 29 ஆண்டு. எலும்பில் படிந்த பிறகு அதை எடுப்பது மிகக் கடினம் என்பதால், குடலிலேயே தடுக்க வழி தேடினார்கள். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஸ்கோரினாவும் அவருடைய குழுவினரும் 1964இல், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் விலங்குகளின் குடலில் ஸ்ட்ரான்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனில் மனிதர்களிடம் செய்த சோதனையிலும் உறிஞ்சல் பல மடங்கு குறைந்தது.

இங்கே வேதியியல் தெளிவாக இருக்கிறது. ஆல்ஜினேட் என்பது இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அவற்றில் குலுரானிக் அமிலம் தொடர்ச்சியாக வரும் பகுதிகள் மடிந்து சிறு குழிகளை உண்டாக்குகின்றன. அந்தக் குழிகளில் கால்சியத்தைவிட ஸ்ட்ரான்சியம் இறுக்கமாகப் பொருந்துகிறது. அதனால் கால்சியச் சத்து பெரிதாகக் கெடாமல் ஸ்ட்ரான்சியம் மட்டும் மலத்தோடு வெளியேறுகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் சேகரிக்கப்படும் சர்காசம், டர்பினேரியா வகைகளிலிருந்தும் இதே ஆல்ஜினேட்தான் எடுக்கப்படுகிறது.

இந்த வெற்றியின் எல்லைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆல்ஜினேட் கிராம் கணக்கில் தேவைப்பட்டது. நஞ்சு குடலில் இருக்கும்போதே அதையும் கொடுத்தாக வேண்டும். எலும்பில் சேர்ந்த ஸ்ட்ரான்சியத்தை அது அசைக்காது. ஸ்ட்ரான்சியத்துக்குக் கிடைத்த இந்தச் சான்று பாதரசத்துக்கோ சீசியத்துக்கோ பொருந்தாது. ஸ்பைருலினாவிலும் குளோரெல்லாவிலும் ஆல்ஜினேட் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கடற்பாசிச் சாற்றுக்குக் கிடைத்த சான்றை நுண்பாசி மாத்திரைக்குக் காட்டுவது தவறு.

இரண்டாவது நல்ல சான்று சீனாவின் கிடோங் பகுதியிலிருந்து வருகிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், வேர்க்கடலை வழியாக வரும் அஃப்ளாடாக்சினால் கல்லீரல் புற்றுநோய் மிகுந்திருந்த இடம் அது. 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குளோரோஃபிலின் 100 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, நான்கு மாதம் கொடுத்தார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, அஃப்ளாடாக்சின் மரபணுவைத் தாக்கியதைக் காட்டும் பொருள் அவர்களுடைய சிறுநீரில், மருந்துப்போலி எடுத்தவர்களைவிட 55 சதவீதம் குறைவாக இருந்தது. தட்டையான குளோரோஃபிலின் மூலக்கூறு, அதேபோல் தட்டையான அஃப்ளாடாக்சினோடு ஒட்டி, குடலில் உறிஞ்சப்படாமல் அதைக் கடத்திவிடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஆனால் குளோரோஃபிலின் என்பது பச்சையத்தை வேதிமுறையில் மாற்றி உண்டாக்கும் தாமிர உப்பு, பாசியல்ல. குளோரெல்லாவின் எடையில் பச்சையம் சுமார் ஒன்று முதல் மூன்று சதவீதம் என்று கொண்டால், அந்த ஆய்வில் தந்த 300 மில்லிகிராமுக்கு ஈடாக நாள்தோறும் 10 முதல் 30 கிராம் பாசித்தூள் உண்ண வேண்டும். மாத்திரைகளில் வழக்கமாகப் பரிந்துரைப்பது சில கிராம்தான். அதோடு, ஆய்வு அளந்தது சிறுநீரில் உள்ள ஓர் அடையாளப் பொருளை. கல்லீரல் புற்றுநோய் குறைந்ததா என்பதை அது காட்டவில்லை.

இரண்டாம் கூற்று: படிந்ததை வெளியேற்றலாம்

மாத்திரை வாங்குபவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது இதைத்தான். சான்று மெலிவதும் இங்கேதான். அதிகமாக மேற்கோள் காட்டப்படும் மனித ஆய்வு வங்கதேசத்தில் நடந்தது. 1970களிலிருந்து, கிருமி கலந்த குளத்து நீருக்கு மாற்றாக அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றில் பலவற்றின் நீரில் ஆர்செனிக் இருந்தது பிறகே தெரியவந்தது. 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் மதிப்பிட்டார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கறுத்து வெடிக்கும் இந்த நோய்க்கு உறுதியான மருந்து இல்லாத நிலையில், மலிவான ஒரு பொருள் உதவுமா என்று தேடியது நியாயமான முயற்சி.

2006இல் வெளியான அந்த ஆய்வில் 41 நோயாளிகள். 24 பேருக்கு ஸ்பைருலினாச் சாறு 250 மில்லிகிராமும் துத்தநாகம் 2 மில்லிகிராமும் தினம் இரு வேளை, 16 வாரம் தரப்பட்டன. 17 பேருக்கு மருந்துப்போலி. எல்லார் வீட்டிலும் ஆர்செனிக் நீக்கும் வடிகட்டி பொருத்தப்பட்டது. ஸ்பைருலினாப் பிரிவில் தோல் தடிப்பு குறைந்தது; தலைமுடியில் இருந்த ஆர்செனிக் 47 சதவீதம் இறங்கியது; நான்காம் வாரத்தில் சிறுநீரில் ஆர்செனிக் கூடுதலாக வெளியேறியது.

ஊக்கம் தரும் முடிவுதான். ஆயினும் அதன் மீது குறைந்தது நான்கு கேள்விகள் நிற்கின்றன. ஸ்பைருலினாவும் துத்தநாகமும் சேர்த்தே தரப்பட்டதால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆள் எண்ணிக்கை குறைவு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நல்ல நீர் குடிக்கத் தொடங்கியவருக்கு நான்கு மாதத்தில் முளைத்த புதுமுடியில் ஆர்செனிக் எப்படியும் குறைந்திருக்கும் என்பதால், இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்ள முடியும். இவ்வளவு நம்பிக்கை தந்த ஆய்வை, பெரிய அளவில், துத்தநாகத்தைப் பிரித்து மறுபடி செய்து உறுதிப்படுத்திய ஆய்வு கண்ணில் படவில்லை என்பது நான்காவது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு கொல்கத்தாவில் நடந்தது. ஈய நஞ்சுக்குப் பயன்படும் சக்சிமர் என்ற மருந்தை ஆர்செனிக் நோயாளிகள் 21 பேரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களின் நிலை மேம்பட்டது. மருந்துப்போலி எடுத்தவர்களின் நிலையும் மேம்பட்டது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நஞ்சு வரும் வழியை அடைத்து, நல்ல உணவும் நல்ல நீரும் கொடுத்தாலே உடல் ஓரளவு மீள்கிறது என்பதை இது உணர்த்துகிறது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத எந்த ‘நச்சுநீக்க’ ஆய்வையும் நம்ப முடியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

பாதரசத்தில் நிலைமை இன்னும் மெலிவு. மெத்தில் பாதரசம் பித்தநீர் வழியே குடலுக்கு வந்து மறுபடி உறிஞ்சப்படும் சுழற்சியில் சிக்குகிறது. அந்தச் சுழற்சியைக் குடலில் அறுத்தால் உடலின் சுமை இறங்கும் என்பது வெறும் ஊகமல்ல. 1971-72இல் ஈராக்கில் பாதரசம் பூசிய விதைத் தானியத்தை உண்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, பாதரசத்தைப் பிடிக்கும் செயற்கைப் பிசின் கொடுத்து அது வெளியேறும் வேகத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். குளோரெல்லா கொடுத்த எலிகளிலும் பாதரசம் கூடுதலாக வெளியேறியதை ஜப்பானிய ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆனால் பாதரசத்தால் உண்மையில் பாதிக்கப்பட்ட மனிதர்களிடம், மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, போதிய எண்ணிக்கையில் செய்த ஆய்வுதான் இந்த இடத்தில் தேவை. பல் அடைப்பிலுள்ள பாதரசத்துக்குக் குளோரெல்லா என்று பரவியிருக்கும் அறிவுரைக்கு அத்தகைய அடித்தளம் கிடையாது.

டையாக்சின்: இடைப்பட்ட ஒரு நிலை

1968இல் மேற்கு ஜப்பானில் அரிசித் தவிட்டு எண்ணெயில் பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருளும் டையாக்சின் வகை நஞ்சுகளும் கலந்தன. யூஷோ என்று அறியப்படும் அந்த நோய்க்கு ஆளானவர்களாக ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் காலப்போக்கில் அங்கீகரிக்கப்பட்டார்கள். ஃபுகுவோக்காவின் ஆய்வாளர்கள் அந்த நோயை உண்டாக்கிய அதே எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உணவில் பத்தில் ஒரு பங்கு குளோரெல்லா சேர்த்த எலிகளின் மலத்தில் டையாக்சின் வகைகள் பல கூடுதலாக வெளியேறின என்று 1999இல் எழுதினார்கள். உறிஞ்சப்பட்ட பிறகும், வாரக் கணக்கில், வெளியேற்றம் ஓரளவு கூடியே இருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது. பச்சையமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2001இல் அதே குழுவினர் காட்டினார்கள்.

இந்தக் கருத்துக்கு வேறு திசையிலிருந்தும் துணை உண்டு. கொழுப்பில் கரையும் டையாக்சின் குடல்சுவர் வழியே சிறிது சிறிதாகக் குடலுக்குள் கசிகிறது. வியன்னாவில் டையாக்சினால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரு பெண்களுக்கு, செரிக்காத செயற்கைக் கொழுப்பான ஓலெஸ்ட்ராவைக் கொடுத்தபோது மலத்தில் டையாக்சின் வெளியேற்றம் பல மடங்கு கூடியது. ஆகவே குடல் வழியே டையாக்சினை இழுப்பது கொள்கையளவில் இயலும்.

மனிதர்களிடம் குளோரெல்லாவைச் சோதித்தவற்றில் பேசப்படுவது, 35 கர்ப்பிணிகளைக் கொண்டு 2007இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. குளோரெல்லா எடுத்த 18 பேரின் தாய்ப்பாலில் டையாக்சின் குறைவாக இருந்தது. எண்ணிக்கை சிறியது. தாயின் வயது, எத்தனையாவது குழந்தை, மீன் உண்ணும் அளவு எனத் தாய்ப்பாலின் டையாக்சினை மாற்றும் காரணிகள் பல. அத்துடன் எலிகள் உண்ட பங்கை மனித உணவுக்குக் கணக்கிட்டால் நாளுக்குப் பல பத்து கிராம் ஆகிறது. தொடர்ந்து ஆராய வேண்டிய கருதுகோள் என்று சொல்லலாம். மருத்துவப் பரிந்துரை என்று சொல்ல இது போதாது.

மூன்றாம் கூற்று: சேதத்தைத் தணிக்கும்

ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை செல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன. ஸ்பைருலினாவின் நீலநிறப் புரதமான ஃபைகோசயனினும் கரோட்டின்களும் அதைத் தணிக்கலாம் என்பது வாதம். எலிகளில் இதை ஆதரிக்கும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குறை உண்டு: நஞ்சையும் பாசியையும் ஒரே காலத்தில், அல்லது பாசியை முன்னதாகவே கொடுக்கிறார்கள். அது தடுப்பு. ஆண்டுக்கணக்கில் நஞ்சு உண்டு நோயுற்ற மனிதருக்குத் தேவைப்படுவது சிகிச்சை.

மனிதரிடம் கிடைத்த குறிப்பிடத்தக்க சான்று கேரளத்திலிருந்து வருகிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வில், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாயில் வெண்படலம் கண்டவர்களுக்கு நாளுக்கு 1 கிராம் ஸ்பைருலினா ஓராண்டு தரப்பட்டது. 1995இல் வெளியான முடிவில், 44 பேரில் 20 பேருக்குப் படலம் முற்றிலும் மறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவின் 43 பேரில் 3 பேருக்கு மட்டுமே மறைந்தது. கணிசமான வேறுபாடு. ஆனால் ஸ்பைருலினாவை நிறுத்திய ஓராண்டுக்குள் குணமான 20 பேரில் 9 பேருக்குப் படலம் திரும்பியது. நஞ்சு நீங்கவில்லை, அதன் விளைவு மட்டும் தற்காலிகமாகத் தணிந்தது என்று இதைப் படிப்பதே பொருத்தம்.

கதிரியக்கத்தில் எழுந்த தவறான நம்பிக்கைகள்

செர்னோபிலுக்குப் பிறகு, ஸ்பைருலினா உண்ட பெலாரஸ் குழந்தைகளின் சிறுநீரில் கதிரியக்கம் பாதியாகக் குறைந்தது என்ற செய்தி 1990களிலிருந்து விளம்பரங்களில் இடம்பெறுகிறது. அதன் ஆதாரம் மாநாட்டு உரைகளையும் காப்புரிமை ஆவணங்களையும் தாண்டி, பிறர் சரிபார்க்கத்தக்க முழுமையான ஆய்வாக வளரவில்லை. வாதத்திலேயே ஒரு முரணும் இருக்கிறது. வங்கதேச ஆய்வில் சிறுநீரில் ஆர்செனிக் கூடியது வெற்றி என்று கொள்ளப்பட்டது. இங்கே சிறுநீரில் கதிரியக்கம் குறைந்தது வெற்றி என்று கொள்ளப்படுகிறது. உடலின் மொத்தச் சுமையை அளக்காமல் சிறுநீரை மட்டும் பார்த்தால், கூடினாலும் குறைந்தாலும் சாதகமாகவே விளக்கிவிடலாம்.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்பீடாகப் பிரஷ்யன் நீலம் என்ற மருந்தைச் சொல்லலாம். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியேறிப் பரவியபோது 46 பேருக்கு அது கொடுக்கப்பட்டது. உடலில் சீசியம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை சுமார் 110 நாளிலிருந்து 30 நாளாகச் சுருக்குவதாக அளந்திருக்கிறார்கள். அதுவும் குடலில் வேலை செய்யும் பொருளே. ஆனால் எந்த நஞ்சுக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டது.

அயோடின் நிறைந்த கடற்பாசி அணு விபத்தில் தைராய்டைக் காக்கும் என்ற நம்பிக்கை 2011இல் ஃபுகுஷிமா விபத்தின்போது பரவியது. தைராய்டைக் கதிரியக்க அயோடினிலிருந்து காக்க வயது வந்தவருக்குத் தருவது 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதுவும் உரிய நேரத்தில், சுகாதாரத் துறை சொல்லும்போது. கடற்பாசியில் அயோடின் வகைக்கு வகை, கரைக்குக் கரை மாறுபடும். அளவு தெரியாத ஒன்றை அவசரகால மருந்தாகக் கொள்ள முடியாது. நாள்தோறும் அதிகமாக எடுத்தால் அதே தைராய்டு கெடவும் வாய்ப்புண்டு.

எதிர்வாதம்: பாசியே நஞ்சைச் சுமந்து வரலாம்

சுற்றிலும் உள்ள உலோகத்தைப் பிடிக்கும் இயல்புதான் பாசியின் பெருமை என்றால், மாசுபட்ட நீரில் வளரும் பாசி அந்த மாசையும் சேர்த்துக்கொண்டு வரும். ஹிஜிகி என்ற ஜப்பானியக் கடற்பாசியில் நச்சு மிகுந்த கனிம ஆர்செனிக் இருப்பதால் அதை உண்ண வேண்டாம் என்று கனடாவும் பிரிட்டனும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தின.

நீலப்பச்சைப் பாசியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திறந்த ஏரியில் அள்ளும்போது மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்கும் இனங்களும் கலந்து வரும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கிளாமத் ஏரியில் அள்ளிய பாசியைக் கொண்டு செய்த மாத்திரைகள் முதலியவற்றில் 87 மாதிரிகளைச் சோதித்தார்கள். 2000இல் வெளியான முடிவின்படி 85இல் மைக்ரோசிஸ்டின் இருந்தது. 63இல் மாநிலத்தின் வரம்பான கிராமுக்கு 1 மைக்ரோகிராமை மீறியிருந்தது. இந்த நஞ்சின் வலிமையை 1996இல் பிரேசிலின் கருவாரு நகரம் கண்டது. டயாலிசிஸ் நீரில் அது கலந்ததால் 52 பேர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்டது. அங்கே நஞ்சு நேரடியாக ரத்தத்தில் கலந்தது. மாத்திரையில் உள்ள அளவோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் பொருளில் கல்லீரல் நஞ்சு இருக்கக்கூடும் என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள இயலாது.

கட்டுப்படுத்தப்பட்ட தொட்டிகளில் வளர்க்கும் ஸ்பைருலினாவுக்கும் குளோரெல்லாவுக்கும் இந்த ஆபத்து பொதுவாகக் குறைவு. அவை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான உணவுகளே. இருந்தாலும் 1977இல் ஜப்பானில் குளோரெல்லா மாத்திரை உண்ட சிலருக்கு, அதிலிருந்த பச்சையச் சிதைபொருளால் வெயில் பட்டதும் தோல் புண்ணானது. அதன் பிறகு அங்கே அளவு வரம்பு விதிக்கப்பட்டது. குளோரெல்லாவில் வைட்டமின் கே இருப்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைமாற்றக் குறை உள்ள குழந்தைகளுக்கு ஸ்பைருலினா ஆகாது.

எதை வெற்றி என்பது?

எல்லாக் கூற்றுகளுக்கும் அடியில் இருப்பது அளவீட்டுச் சிக்கல். ரத்தத்தில் ஈயம் குறைந்தால் நோயாளி நலம் அடைந்துவிட்டாரா? இதற்கு மருந்துகளின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. ரத்தத்தில் ஈயம் மிகுந்த 780 குழந்தைகளிடம் சக்சிமரைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2001இல் வெளியானது. மருந்து ஈயத்தைக் குறைத்தது. ஆனால் குழந்தைகளின் அறிவுத்திறன் மருந்துப்போலி எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. ஈயத்தைப் பிடிக்கும் ஆற்றல் நிறுவப்பட்ட மருந்துக்கே இதுதான் நிலை என்றால், முடியிலும் சிறுநீரிலும் அளந்த மாற்றத்தை வைத்துப் பாசிக்கு நற்சான்று வழங்குவது அவசரம்.

இதன் இன்னொரு முகம் பரிசோதனை. உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்தால் யாருக்கும் உலோகம் கூடுதலாகத்தான் காட்டும். அந்த எண்ணைச் சாதாரண அளவோடு ஒப்பிட்டு ‘உங்கள் உடலில் நஞ்சு’ என்று சொல்வதை அமெரிக்க மருத்துவ நச்சியலாளர்களின் அமைப்பு (American College of Medical Toxicology) அறிவியல் அடிப்படையற்றது என்று நிராகரித்திருக்கிறது. இல்லாத நோய்க்கு எந்த மாத்திரையும் குணம் தந்ததாகவே தோன்றும்.

சட்டமும் இந்த இடைவெளியை முழுதாக அடைக்கவில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணையுணவு விற்பனைக்கு வருமுன் அதன் பயனை அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உணவாகவே வருகின்றன; நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்க அனுமதியில்லை. ‘உடலைச் சுத்திகரிக்கும்’ போன்ற சொற்கள் எந்த நஞ்சின் பெயரையும் சொல்லாததால் அவற்றைச் சோதிப்பதும் கடினம், தடுப்பதும் கடினம்.

எஞ்சி நிற்பவை

கிடைத்திருக்கும் சான்றுகளைத் தொகுத்தால் ஒரு வரிசை தெரிகிறது. நஞ்சு குடலில் இருக்கும்போது, குறிப்பிட்ட நஞ்சுக்குக் குறிப்பிட்ட பொருள், போதிய அளவில் கொடுத்தால் உறிஞ்சல் குறையும் என்பதற்கு மனிதரிடமே நல்ல சான்று உண்டு: ஸ்ட்ரான்சியத்துக்கு ஆல்ஜினேட், அஃப்ளாடாக்சினுக்குக் குளோரோஃபிலின். குடலுக்கும் ரத்தத்துக்கும் இடையே சுழலும் டையாக்சின், மெத்தில் பாதரசம் ஆகியவற்றில் குளோரெல்லாவுக்கு நம்பத்தக்க இயக்கமுறையும் விலங்குச் சான்றும் உண்டு. மனிதச் சான்று போதாது. எலும்பிலும் உறுப்புகளிலும் படிந்த ஈயம், காட்மியம் போன்றவற்றைப் பாசி வெளியேற்றும் என்பதற்கு இன்றுவரை ஏற்கத்தக்க மனிதச் சான்று இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆராய வேண்டியவையும் தெளிவாக உள்ளன. வங்கதேச, மேற்கு வங்க ஆர்செனிக் நோயாளிகளிடம் ஸ்பைருலினாவையும் துத்தநாகத்தையும் தனித்தனியே, நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதிக்க வேண்டும். உற்பத்தியாளரின் நிதியைச் சாராத ஆய்வுகள் வேண்டும். முடியையும் சிறுநீரையும் தாண்டி, தோல்புண் ஆறியதா, நரம்பு மீண்டதா, ஆயுள் கூடியதா என்று அளக்க வேண்டும். மலிவான, உள்ளூரிலேயே வளரும் ஒரு பொருள் உண்மையில் உதவுமானால், அதனால் பயன்பெறப் போவது மருந்து வாங்க வழியற்ற ஏழை நோயாளிகள்தான். அந்தக் காரணத்துக்காகவே இந்தக் கேள்வி விளம்பரத்தின் கையில் விடப்படாமல் முறையாக ஆராயப்பட வேண்டியது.

அதுவரை நடைமுறையில் செய்யத்தக்கது இதுதான். நஞ்சின் ஐயம் இருந்தால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு நிறுத்த வேண்டும். நீரையும் வேலையிடத்தையும் சோதிக்க வேண்டும். மருத்துவர் மூலம் முறையான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்பைருலினாவைச் சத்துணவாக உண்பவர்கள் தரச்சான்று பார்த்து வாங்கி உண்ணலாம். நஞ்சு முறிக்கும் மருந்தாக எண்ணி அதை நம்பி, சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.